உப்பை வெளியே வைத்திருக்கும் உழைப்பு

தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஒரு பாட்டில் கடல்நீர் பிடித்து வந்தால் போதும். செல் சவ்வைப் பற்றிய முதல் பாடத்தை அதைக் கொண்டே நடத்திவிடலாம். பதினொன்றாம் வகுப்புச் செய்முறையில் ரியோ என்ற அழகுச் செடியின் இலை அடித்தோலை உரித்து, கண்ணாடி வில்லையில் பரப்பி, அதன்மேல் உப்புக் கரைசல் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பது வழக்கம். கடலூரில் உயிரியல் கற்பிக்கும் நான் அதற்குக் கடல்நீரையே எடுத்துக்கொள்கிறேன். லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு அதில் கரைந்திருக்கிறது. இந்தச் சோதனைக்கு அது தாராளம்.

முதலில் சாதாரண நீரில் பார்த்தால், பக்கம் பக்கமாக அடுக்கிய அறுகோணக் கட்டங்கள் எல்லாம் விளிம்பு வரை கத்தரிப்பூ நிறத்தால் நிரம்பியிருக்கும். கடல்நீர் ஒரு சொட்டு விட்டதும், சற்று நேரத்தில் கட்டங்களின் மூலைகளில் நிறம் விலகத் தொடங்கும். பிறகு ஓரங்களை விட்டும் அது உள்வாங்கி, கட்டத்தின் நடுவே உருண்டையாகத் திரண்டு நிற்கும். செல் சுவர் தன் வடிவத்தில் அப்படியே இருக்க, அதை ஒட்டியிருந்த சவ்வு மட்டும் தன் உள்ளடக்கத்தோடு சுருங்கிப் போயிருக்கும். நீர் வெளியேறிவிட்டது, நிறப்பொருள் ஒரு துளியும் வெளியேறவில்லை. வில்லையின் ஒரு பக்கம் மை உறிஞ்சும் தாளை வைத்து உப்புநீரை உறிஞ்சி, மறுபக்கம் நல்ல தண்ணீரை விட்டால், உருண்டை மெல்ல விரிந்து மீண்டும் மூலைகளைத் தொடும்.

இதோடு நிறுத்தாமல் மூன்றாவதாக ஒன்றையும் செய்து காட்டுவேன். இன்னொரு தோலைக் கொதிநீரில் சிறிது நேரம் முக்கி எடுத்து வில்லையில் வைத்தால், செல்களில் இருந்த நிறம் சுற்றியுள்ள நீரில் பரவிக் கிடக்கும். இப்போது கடல்நீர் விட்டாலும் எதுவும் சுருங்குவதில்லை, நல்ல தண்ணீர் விட்டாலும் எதுவும் விரிவதில்லை. சுவர் இருக்கிறது, கட்டங்கள் இருக்கின்றன. உள்ளுக்கும் வெளிக்கும் இருந்த வேறுபாடு மட்டும் போய்விட்டது.

தேர்வில் இந்தப் பாடத்துக்கான விடை ஒரு வரியில் முடிந்துவிடும்: செல் சவ்வு ஒரு தேர்வுக் கடத்துச் சவ்வு. மதிப்பெண்ணும் முழுதாகக் கிடைக்கும். அந்த வரியில் பிழையில்லை. ஆனால் அதைப் படிக்கும் மாணவர் மனத்தில் சவ்வு ஒரு சல்லடையாகப் பதிந்துவிடுகிறது என்பதுதான் என் கவலை. சல்லடைக்கு உழைப்பு கிடையாது. எவ்வளவு நுண்ணிய சல்லடையானாலும், அதன் வழியே புகக்கூடிய ஒரு பொருள் போதிய நேரம் கிடைத்தால் இருபுறமும் சமமாகிவிடும். உயிருள்ள செல்லில் அப்படி நடப்பதில்லை. சமமாகிவிடக்கூடிய பொருள்கள் ஆயுள் முழுவதும் சமமாகாமல் நிற்கின்றன. பாடநூல் ஆற்றல் சாராத கடத்தல் என்று ஒரு பட்டியலையும், ஆற்றல் சார்ந்த கடத்தல் என்று இன்னொரு பட்டியலையும் தருகிறது. முதல் பட்டியலில் உள்ள பெரும்பாலான நிகழ்வுகள் இரண்டாவது பட்டியல் உழைத்துச் சேர்த்து வைத்ததைச் செலவழித்தே நடக்கின்றன என்பதை அது போதிய அழுத்தத்தோடு சொல்வதில்லை. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அந்த ஒன்றைத்தான்.

சவ்வு எதனால் ஆனது என்பதை முதலில் பார்த்துவிடலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் சார்லஸ் ஓவர்ட்டன் நூற்றுக்கணக்கான பொருள்களை ஒவ்வொன்றாகச் செல்களின்மீது சோதித்து, எண்ணெயில் எளிதில் கரைபவை செல்லுக்குள் எளிதில் நுழைகின்றன என்று கண்டார். ஆகவே செல்லைப் போர்த்தியிருப்பது கொழுப்புத் தன்மை கொண்ட பொருளாக இருக்க வேண்டும் என்று ஊகித்தார். 1925இல் நெதர்லாந்தில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் இரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோனால் பிரித்தெடுத்து, நீர்ப்பரப்பின்மேல் ஒற்றை மூலக்கூறு அளவு தடிமனில் பரப்பி அளந்தார்கள். அணுக்களின் மொத்தப் பரப்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இடத்தை அது பிடித்தது. எனவே சவ்வு இரண்டு அடுக்குக் கொழுப்பு என்று முடிவு கட்டினார்கள். கொழுப்பு முழுவதையும் அவர்கள் பிரித்தெடுக்கவில்லை, அணுவின் பரப்பையும் குறைவாகவே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு குறைகளும் ஒன்றையொன்று ஈடு செய்ததால் முடிவு சரியாக அமைந்தது என்று பின்னாளில் தெரியவந்தது. முடிவு மட்டும் இன்றுவரை நிற்கிறது.

அந்தக் கொழுப்பு மூலக்கூறுகளுக்கு, அதாவது பாஸ்போலிப்பிடுகளுக்கு, நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் இரண்டு வால்களும் உண்டு. நீருக்குள் விடப்பட்டால் வால்களை உள்ளே ஒளித்துத் தலைகளை இருபுறமும் நீர்ப்பக்கம் காட்டித் தாமாகவே இரட்டை அடுக்காக அணிவகுக்கும். கொழுப்பு அடுக்கின் தடிமன் ஏறக்குறைய 5 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டரின் இருநூறாயிரத்தில் ஒரு பங்கு. இது இறுகிய தகடும் அன்று. 1970இல் ஃப்ரை, எடிடின் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலியின் செல்லையும் மனிதச் செல்லையும் ஒன்றாக இணைத்து, இரண்டின் சவ்வுப் புரதங்களுக்கும் வெவ்வேறு ஒளிரும் நிறமிட்டுப் பார்த்தார்கள். உடல் வெப்பநிலையில் 40 நிமிடத்தில் இரு நிறங்களும் முழுதாகக் கலந்துவிட்டன. குளிரில் வைத்தபோது கலக்கவில்லை. கொழுப்பில் மிதந்து நகரும் புரதங்களின் கூட்டம் என்று சவ்வை வருணித்த சிங்கர், நிக்கல்சன் மாதிரி 1972இல் வெளிவந்தது. நம் பாடநூல்களில் இருக்கும் படம் அதுதான்.

ஆக்சிஜனும் கார்பன் டைஆக்சைடும் இந்தக் கொழுப்பினூடே தாமே புகுந்து செல்லும். மின்னூட்டம் கொண்ட சோடியமும் பொட்டாசியமும் குளோரைடும் புக முடியாது. குளுக்கோசும் ஏறக்குறைய முடியாது. நீர் ஓரளவு கசியும், ஆனால் சிறுநீரகக் குழல்களிலும் சிவப்பணுக்களிலும் நீர் செல்லும் வேகத்தைக் கசிவு என்ற சொல்லால் விளக்க இயலாது. பீட்டர் ஆக்ரே இரத்தப் பிரிவோடு தொடர்புடைய ஒரு புரதத்தைத் தேடிக்கொண்டிருந்தபோது, சிவப்பணுச் சவ்வில் ஏராளமாக இருந்தும் யாருக்கும் பணி தெரியாத வேறொரு புரதம் அவர் கையில் சிக்கியது. 1992இல் அதை உண்டாக்கும் மரபுச் செய்தியைத் தவளை முட்டைகளுக்குள் செலுத்தி நன்னீரில் இட்டார்கள். மற்ற முட்டைகள் அப்படியே கிடக்க, இந்தப் புரதத்தை உண்டாக்கிய முட்டைகள் ஊதிப் பெருத்து வெடித்தன. அக்வாபோரின் என்று பெயரிடப்பட்ட அந்த ஒற்றைப் புரதத்தின் வழியே நொடிக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் செல்லும். ஒரு புரோட்டான்கூடக் கூடவே நழுவிச் செல்லாது.

ஆக்ரேயோடு 2003ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரோடரிக் மெக்கின்னன் விடுவித்த புதிர் எனக்கு இன்னும் அழகானது. பொட்டாசியம் கால்வாய் என்ற புரதத்தின் வழியே பொட்டாசியம் அயனி நொடிக்குக் கோடிக்கணக்கில் செல்கிறது. அதைவிடச் சிறிய சோடியம் அயனியோ செல்வதே இல்லை எனலாம். பெரியது நுழையும் இடத்தில் சிறியது ஏன் நுழைவதில்லை? அயனிகள் நீரில் தனியாக இருப்பதில்லை. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்தபடியே இருக்கின்றன. கால்வாயின் குறுகிய பகுதிக்குள் புக வேண்டுமானால் அந்த நீரை உதற வேண்டும். உதறுவதற்கு ஆற்றல் செலவாகும். கால்வாயின் உட்சுவரில் ஆக்சிஜன் அணுக்கள் பொட்டாசியத்துக்குச் சரியான இடைவெளியில் அமைந்திருப்பதால், நீர் கொடுத்த பிடிப்பை அவை அப்படியே கொடுத்துவிடுகின்றன. சோடியம் சிறியது என்பதால் அந்த அணுக்கள் அனைத்தையும் ஒரே சமயத்தில் எட்ட அதனால் முடியாது. நீரை உதறிய இழப்பு ஈடாகாது. ஆகவே அது நீரோடு வெளியிலேயே நின்றுவிடுகிறது. 1998இல் மெக்கின்னன் எக்ஸ் கதிர்ப் படிகவியலால் இந்த அமைப்பை அணு அணுவாகக் காட்டினார். துளையின் அகலத்தால் மட்டும் நடக்கும் தேர்வு அன்று இது.

இவ்வளவும் ஆற்றல் சாராத கடத்தல். பொருள் எங்கே அதிகமோ அங்கிருந்து எங்கே குறைவோ அங்கே தானாகப் போகிறது. அப்படியானால் ஓரிடத்தில் அதிகமாகவும் ஓரிடத்தில் குறைவாகவும் அதை வைத்தது யார்?

மருத்துவமனையில் எலக்ட்ரோலைட் பரிசோதனை முடிவைப் பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் பழக்கம்: சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோலை ஒட்டி, பொட்டாசியம் 4 அல்லது 5. அவை இரத்தத்தின் நீர்ப்பகுதிக்கான அளவுகள். அதே இரத்தத்தில் மிதக்கும் செல்லுக்குள் கணக்கு தலைகீழ்: சோடியம் 10 முதல் 15 வரை, பொட்டாசியம் 140ஐ ஒட்டி. நடுவே இருப்பது 5 நானோமீட்டர் கொழுப்பு. ஆய்வகத்தில் பணியாற்றுவோர் நன்கறிந்த ஒரு செய்தி உண்டு. எடுத்த இரத்தத்தைச் சீரம் பிரிக்காமலே குளிரில் வைத்து, தொலைவில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பினால், பொட்டாசியம் இல்லாத அளவுக்கு உயர்ந்து காட்டும். செல்கள் உடையவில்லை; சோடியத்தை வெளியேயும் பொட்டாசியத்தை உள்ளேயும் தள்ளும் சவ்வுப் புரதங்களான அவற்றின் பம்புகள் குளிரில் ஏறத்தாழ நின்றுவிட்டன, கசிவு மட்டும் தொடர்ந்தது. இரத்த வங்கிகள் வளரத் தொடங்கிய 1940களின் தொடக்கத்திலேயே, குளிரில் பொட்டாசியத்தை இழந்த சிவப்பணுக்களை மறுபடி உடல் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து குளுக்கோசும் கொடுத்தால், இழந்ததை அவை திரும்ப உள்ளே இழுத்துக்கொள்வதைக் கண்டுவிட்டார்கள். சூடும் உணவும் இருந்தால் வேறுபாடு மீள்கிறது, இல்லாவிட்டால் கரைகிறது. சல்லடை ஒன்று இப்படி நடந்துகொள்ளாது.

அந்தப் பம்பு ஒரு நண்டின் காலில் கண்டறியப்பட்டது. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் யென்ஸ் ஸ்கௌ உணர்ச்சியிழக்கச் செய்யும் மருந்துகள் நரம்புச் சவ்வில் எப்படி வேலை செய்கின்றன என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். கரையோர நண்டின் கால் நரம்புகளை அரைத்து, அவற்றின் சவ்வுத் துணுக்குகளில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறை உடைக்கும் நொதி ஒன்றைப் பிரித்தார். அந்த நொதி சோடியம் மட்டும் இருந்தால் சோம்பிக் கிடந்தது, பொட்டாசியம் மட்டும் இருந்தாலும் அப்படியே. இரண்டும் சேர்ந்திருந்தபோதுதான் முழு வேகம் கொண்டது. 1957இல் அதை வெளியிட்டார். அதே ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் போஸ்ட் சிவப்பணுக்களில் அளந்து, மூன்று சோடியம் வெளியேறும்போது இரண்டு பொட்டாசியம் உள்ளே வருவதாகக் கணக்குச் சொன்னார். அடுத்த ஆண்டு இருவரும் வியன்னா மாநாட்டில் சந்தித்துப் பேசியபோதுதான், ஒருவரின் நொதியும் மற்றவரின் பம்பும் ஒன்றே என்பதற்கான வழி பிறந்தது. ஸ்கௌவுக்கு நோபல் பரிசு கிடைத்தது 1997இல், நாற்பது ஆண்டுகள் கழித்து. கடலூர் துறைமுகத்தில் காலை ஏலத்தில் கூடை கூடையாக இறங்கும் நண்டுகளின் கால்களிலும் அதே பம்புதான் ஓடுகிறது. அவற்றைக் கூவி விற்பவர், வாங்குபவர் நரம்புகளிலும் அதுவே.

அதன் வேலையைப் படிப்படியாகப் பார்ப்பது நல்லது. செல்லின் உட்புறம் திறந்திருக்கும் நிலையில் மூன்று சோடியம் அயனிகள் அதில் பொருந்துகின்றன. ஏடிபியின் ஒரு பாஸ்பேட் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, புரதத்தின் வடிவம் மாறி உட்புறம் மூடி வெளிப்புறம் திறக்கிறது. சோடியத்தின் மீதான பிடி தளர்கிறது, அது வெளியேறுகிறது. அந்த வடிவத்தில் பொட்டாசியத்தின் மீது பிடிப்பு அதிகம். இரண்டு பொட்டாசியம் வந்து அமர, பாஸ்பேட் விடுபட்டு, புரதம் பழைய வடிவுக்குத் திரும்பி அவற்றை உள்ளே விடுகிறது. ஒரு நொடிக்கு அதிகபட்சம் நூறு முறை அளவில் இந்தச் சுற்று நடக்கும். திறந்த ஒரு கால்வாயில் நொடிக்குக் கோடிக்கணக்கான அயனிகள் ஓடுகின்றன என்று மேலே பார்த்தோம். ஒரு கால்வாய் நொடிப்பொழுதில் கரைத்துவிடுவதை நிரப்பப் பல ஆயிரம் பம்புகள் ஓயாமல் உழைக்க வேண்டும். ஓய்வில் படுத்திருக்கும் உடல் செலவிடும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு முதல் கால் பங்கு வரை இந்த ஒரு வேலைக்கே போகிறது என்று மதிப்பிடுகிறார்கள். மூளையில் பாதிக்கும் மேல். நாம் உண்ணும் சோற்றில் ஒரு கணிசமான பங்கு, உப்பை வெளியே வைத்திருக்கும் கூலியாகவே செலவாகிறது.

இவ்வளவு செலவழித்துச் சேர்த்த வேறுபாடு சும்மா கிடப்பதில்லை. வெளியே குவிந்த சோடியம் எந்நேரமும் உள்ளே வரத் துடித்துக்கொண்டிருக்கிறது. அதை உள்ளே விடும் புரதம், அதனோடு சேர்த்து இன்னொரு பொருளையும் கூட்டி வரும்படி அமைந்திருந்தால், அந்த இன்னொரு பொருள் தான் குறைவாக உள்ள இடத்திலிருந்து அதிகமாக உள்ள இடத்துக்கும் ஏறிவிடும். குடலில் குளுக்கோஸ் இப்படித்தான் உறிஞ்சப்படுகிறது என்று 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன் முன்வைத்தார். குடற்சுவர் செல்லின் உணவுப் பக்கத்தில் உள்ள ஒரு புரதம் இரண்டு சோடியத்தோடு ஒரு குளுக்கோசை உள்ளே எடுக்கிறது. செல்லின் மறுபக்கத்தில், இரத்தத்தை ஒட்டிய சுவரில், பம்பு அந்தச் சோடியத்தை வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. குளுக்கோஸ் வேறொரு வழியாக இரத்தத்துக்கு இறங்குகிறது. உப்பும் சர்க்கரையும் இரத்தப் பக்கம் சேரச் சேர நீரும் பின்னாலேயே போகிறது. உணவுப் பக்கத்துப் புரதம் ஏடிபியைத் தொடுவதே இல்லை. தொடுவதெல்லாம் மறுபக்கத்துப் பம்பு. இரண்டு பட்டியல்களையும் பிரித்துப் படித்தால் இந்த இடம் புரியாமல் போய்விடும்.

காலராவுக்கு இந்தியத் துணைக்கண்டத்தில் மருந்து பிறந்த கதை இங்கிருந்துதான் விளங்கும். 1959இல் கல்கத்தாவில் சம்புநாத் டே, காலராக் கிருமி வெளியிடும் நச்சே நோய்க்குக் காரணம் என்று நிரூபித்தார். அந்த நச்சு குடற்செல்லைக் கொல்வதில்லை. செல்லுக்குள் ஒரு செய்தி மூலக்கூறை அளவுக்கு மீறிப் பெருகச் செய்து, குளோரைடு கால்வாயைத் திறந்தபடியே நிற்க வைத்துவிடுகிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் அதைத் தொடர, நீர் இரண்டையும் தொடர்கிறது. கடுமையான காலராவில் மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் இழப்பு ஏற்படலாம். இந்த நிலையில் வெறும் உப்புநீர் குடித்தால் பயனில்லை. வெறும் தண்ணீரும் அப்படியே. ஆனால் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்து எடுக்கும் அந்தப் புரதத்தை நச்சு தொடுவதில்லை. ஒரு வழி திறந்து கொட்டிக்கொண்டிருக்கும் அதே செல்லில் இன்னொரு வழி முழு வேலைத் திறனோடு காத்திருக்கிறது. அதற்கு வேண்டியது உப்போடு குளுக்கோஸ்.

1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் நோயாளிகளிடம் இதை நிறுவினார்கள். 1971இல் வங்கதேச விடுதலைப் போரின்போது எல்லையோரப் பங்காவ் அகதி முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோனபோது, மருத்துவர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் குளுக்கோசும் சோடா உப்பும் பொட்டலமிட்டு, கரைத்துக் குடிக்கக் கொடுக்கச் செய்தார். மருத்துவர் பக்கத்தில் இல்லாத இடத்திலும் தாயும் தமையனும் கரண்டியால் புகட்டினார்கள். முப்பது விழுக்காட்டை ஒட்டியிருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. அவர் மறைந்த பின், 2023இல் பத்ம விபூஷண் அறிவிக்கப்பட்டது. உயிரோடு இருக்கும்போதே நாடு அவரைக் கொண்டாடியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

2011 டிசம்பரில் தானே புயலையும் 2015 இறுதியில் பெருவெள்ளத்தையும் கண்ட மாவட்டம் எங்களுடையது. குடிநீரில் கழிவு கலக்கும் அபாயம் தண்ணீர் வடியும் நாள்களில்தான் அதிகம். ஆகவே உப்பும் குளுக்கோசும் கொண்ட ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தின் பின்பக்கத்தை எல்லோரும் ஒருமுறையாவது படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். ஒரு லிட்டருக்கான பொட்டலத்தில் சோடியம் குளோரைடு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், மொத்தம் 20.5 கிராம். இந்த எண்களுக்குள் சவ்வின் இலக்கணமே அடங்கியிருக்கிறது. கணக்கிட்டுப் பார்த்தால் சோடியமும் குளுக்கோசும் லிட்டருக்குத் தலா 75 மில்லிமோல், சமம். பழைய கலவையில் கரைபொருள்களின் மொத்தச் செறிவு 311 ஆக இருந்ததை, 2002இல் உலக சுகாதார நிறுவனம் 245 ஆகக் குறைத்தது. இரத்தத்தின் செறிவைவிடச் சற்றுக் குறைவாக இருந்தால் நீர் குடலிலிருந்து இரத்தத்தை நோக்கி எளிதாக நகரும்.

இதனால்தான் முழுப் பொட்டலத்தையும் ஒரு டம்ளர் தண்ணீரில் கொட்டிக் கலக்குவது தீங்கு: செறிவு கூடிய கரைசல் இரத்தத்திலிருந்து நீரைக் குடலுக்குள் இழுக்கும், ரியோ இலையில் கடல்நீர் செய்ததைப் போல. சர்க்கரை மிகுந்த அட்டைப்பெட்டிப் பானங்கள் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைத் தாங்கி மருந்துக் கடைகளில் விற்கப்பட்டு வந்தன. 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் பயன்படுத்தத் தடை விதித்தது. பொட்டலம் கிடைக்காத இரவில் உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சி நல்ல துணை. கஞ்சியின் மாவுச்சத்து குடலில் சிறிது சிறிதாகக் குளுக்கோசாக உடைவதால், செறிவு ஏறாமலே அந்தப் புரதத்துக்கு வேண்டியது கிடைத்துக்கொண்டிருக்கும்.

இனி உப்போடு நேருக்கு நேர் நிற்கும் உயிர்களைப் பார்க்கலாம். வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரத்து அலையாத்திக் காட்டில் படகில் போகும்போது, வெயில் ஏறிய நேரத்தில் வெண்கண்டல் இலை ஒன்றை ஒளிக்கு நேரே சாய்த்துப் பாருங்கள். பரப்பில் வெண்மணிகள் மின்னும். நாக்கில் வைத்தால் சுத்தமான உப்பு. கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம், அதாவது சவ்வின் வழியே நீரைத் தன் பக்கம் இழுக்கும் வலிமை, ஏறக்குறைய 25 வளிமண்டலம். அதை மீறி நீரை உறிஞ்ச மரம் தன் நீர்க்குழாய்களில் அதைவிட வலுவான இழுவிசையை வைத்திருக்க வேண்டும்; அலையாத்தி மரங்களில் அப்படி இருப்பதை ஸ்கோலாண்டர் 1965இல் அளந்து காட்டினார். வேரின் சவ்வுகள் உப்பின் பெரும்பகுதியை வெளியிலேயே தடுத்துவிடுகின்றன. தாங்குவேர் ஊன்றி நிற்கும் சுரபுன்னை இந்தத் தடுப்பையே பெரிதும் நம்புகிறது. வெண்கண்டலோ, தப்பி மேலேறும் உப்பை இலைச் சுரப்பிகள் வழியே ஆற்றல் செலவழித்து வெளியேற்றுகிறது.

இங்கே ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. நிலத்தில் வளரும் பூக்கும் தாவரங்களுக்கு விலங்குகளின் சோடியம் பொட்டாசியம் பம்பு கிடையாது. அவை ஏடிபியைச் செலவழித்து ஹைட்ரஜன் அயனியைச் செல்லுக்கு வெளியேயும், செல்லுக்குள் இருக்கும் நீர்ப்பையான வாக்குவோலுக்குள்ளேயும் தள்ளுகின்றன. பிறகு அந்த ஹைட்ரஜன் திரும்பி வரும் வழியில் சோடியத்தை எதிர்த்திசையில் மாற்றிக்கொள்கின்றன. நமக்குச் சோடியம் செய்யும் வேலையை மரத்துக்கு ஹைட்ரஜன் செய்கிறது. ஒன்றின் வேறுபாட்டைச் சேர்த்து வைத்து மற்றவற்றை நகர்த்தும் முறை மட்டும் மாறவில்லை. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வெண்கண்டலின் உப்பு தாங்கும் மரபணுக்களை நெல்லுக்குள் கொண்டுவரும் ஆய்வைத் தொடங்கியதும் இந்த அறிவை நம்பித்தான். கடல் ஏறி உவர்ந்த வயல்களைப் பார்த்து வாழும் எங்கள் கடலோரத்தில் அந்த ஆய்வுக்கு எவ்வளவு ஆதரவு கொடுத்தாலும் தகும்.

அதே உப்பங்கழியில் வளரும் கொடுவா, முட்டையிடக் கடலை நோக்கிப் போகிறது. நன்னீரை ஒட்டிய இடத்தில் உடலுக்குள் நீர் புகுந்துகொண்டே இருக்கும், உப்பு கரைந்துகொண்டே இருக்கும், கடலில் நேர்மாறு. கடலில் அது உப்புநீரையே குடித்து, உப்பைச் செவுளில் உள்ள சிறப்புச் செல்கள் வழியே வெளியேற்றுகிறது. அந்தச் செல்களில் சோடியம் பொட்டாசியம் பம்பு மிக அடர்த்தி. பம்பு உண்டாக்கிய சோடிய வேறுபாட்டைப் பயன்படுத்திக் குளோரைடு செல்லுக்குள் எடுக்கப்பட்டு, கடலை நோக்கிய பக்கத்தில் ஒரு கால்வாய் வழியே விடப்படுகிறது. காலரா நச்சு நம் குடலில் திறந்துவிடும் அந்தக் குளோரைடு கால்வாயின் மீன் வடிவமே அது. நமக்கு உயிர்போகும் ஓட்டமாக மாறும் அதே அமைப்பு, கொடுவாவுக்குக் கடலில் பிழைக்கும் வழி. இதை முதலில் படித்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

சிறுநீரகத்திலும் இதே சோடியம் குளுக்கோஸ் கூட்டணி வேலை செய்கிறது. ஒரு நாளில் ஏறக்குறைய 180 கிராம் குளுக்கோஸ் சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டு, முழுவதும் திரும்ப எடுக்கப்படுகிறது. அதில் பத்தில் ஒன்பது பங்கை எடுப்பது குடற்புரதத்தின் உடன்பிறப்பான இன்னொரு புரதம். 1835இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரிக்கப்பட்ட ஃபுளோரைசின் என்ற பொருள் இந்தப் புரதங்களை அடைக்கும் என்று பின்னர் தெரிந்தது. அதைத் திருத்தி அமைத்தவையே இன்று பல வீடுகளில் இருக்கும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற நீரிழிவு மாத்திரைகள். அவை சிறுநீரகத்துப் புரதத்தை அடைக்கின்றன. இரத்தத்தில் மிகுந்த சர்க்கரையில் ஒரு பகுதி சிறுநீரோடு போய்விடுகிறது, கூடவே நீரும் சிறிது போகிறது. ஆகவே வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்ட நாளில் இந்த மாத்திரையைத் தொடரலாமா என்று மருத்துவரிடம் உடனே கேட்க வேண்டும். அந்நாள்களில் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வதே வழக்கம்.

நீரிழிவு உள்ள பெரியவர்கள் பலர் ஓ.ஆர்.எஸ். கரைசலில் சர்க்கரை இருக்கிறது என்று சொல்லி அதைத் தள்ளிவிட்டு, உப்பு மட்டும் போட்ட எலுமிச்சை நீரைக் கேட்கிறார்கள். வயிற்றுப்போக்கில் உடல் வற்றிக்கொண்டிருக்கும்போது அந்தக் குளுக்கோஸ் சுவைக்காகச் சேர்க்கப்பட்டதன்று. அது இல்லாவிட்டால் சோடியம் அந்த வழியே உள்ளே வராது, சோடியம் வராவிட்டால் நீரும் வராது. ஒரு டம்ளர் கரைசலில் இருப்பது 3 கிராமுக்கும் குறைவான குளுக்கோஸ். சர்க்கரை அளவை அவ்வப்போது பார்த்துக்கொண்டு, பொட்டலத்தில் அச்சிட்டபடி ஒரு லிட்டர் நீரில் கரைத்து, சிறிது சிறிதாக அவர்களுக்கும் புகட்டலாம், புகட்டவும் வேண்டும்.